ஏரி பார்த்த வீடு

ஜெர்மனியின் வால்டோர்ஃபில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கோடை வந்தால் புளிசாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போகும் இடம், பக்கத்து ஊரான சாங்க்ட் லியோன்-ரோட்டின் ஏரி. மணற்கரை, நீர்ச்சறுக்குத் தளம், கூடாரம் அடித்துத் தங்கும் மைதானம் என்று கோடை முழுக்கக் கூட்டம். ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐவர் 1972-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் இன்று வால்டோர்ஃபைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது. அதை நம்பிச் சுற்றுவட்டாரமே வளர்ந்துகொண்டிருக்கிறது. இருந்தும் ஊர், ஏரியை விட்டுத் தள்ளியே நிற்கிறது.

அந்த ஏரி இயற்கையாக உண்டானதல்ல, சரளையும் மணலும் தோண்டியெடுத்த பள்ளம். ரைன் சமவெளியில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. தோண்டத் தோண்ட ஊறி நிறைந்துவிடும். இப்படி உண்டான ஏரிக்கு மதகோ கலங்கலோ தேவையில்லை. கரையை விட்டுச் சற்று தூரத்திலேயே சட்டென்று ஆழமாகிவிடும் என்பதால் குழந்தைகள்மீது ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும். காசுக்காகத் தோண்டிய குழி, பிறகு எல்லோருக்குமான நீர்நிலையாகிவிட்டது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் ஊர்க் கதை நேர் எதிர். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனி ஏரிகள் அல்ல, சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியே வழிந்து, வாய்க்காலில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். பாசனத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த அமைப்பு அது. சென்னையின் தெற்கே வயல்கள் மனைகளானபோது, இனி இந்த ஏரியால் யாருக்கு என்ன பயன் என்ற எண்ணம் வந்துவிட்டது. வேளச்சேரி ஏரி நிலத்தில் அரசே குடியிருப்புகளுக்கு இடம் ஒதுக்கியது. ஆக்கிரமிப்பும் சேர்ந்துகொள்ள, ஏரி சுருங்கிக்கொண்டே போனது. வயல் போனாலும் மழை போகவில்லையே! 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது.

அதே சென்னைப் புறநகரில் இருக்கும் சிட்லபாக்கம் மக்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தங்கள் ஏரி குப்பைமேடாவதைப் பொறுக்காமல் அவர்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள், விடாமல் குரல் கொடுத்தார்கள். 2019-இல் அந்த ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. புதிதாகக் குடிவந்தவர்களும் ஏரிக்குச் சொந்தக்காரர்களாக முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி.

இதையெல்லாம் வால்டோர்ஃபில் உட்கார்ந்து ஏன் எழுத வேண்டும்? இங்கே சம்பாதிக்கும் யூரோவில் ஒரு பங்கு சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடாகிறது. விளம்பரத்தில் 'ஏரி பார்த்த வீடு' என்று இருந்தால் விலை கூடுகிறது, வாங்கும் ஆசையும் கூடுகிறது. முன்பணம் அனுப்புவதற்கு முன் அந்த சர்வே எண்ணின் அ-பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் ஊரில் இருக்கும் ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏரி எதுவரை இருந்தது, கலங்கல் எந்தப் பக்கம், வாய்க்கால் எந்த வழியில் ஓடியது என்று கேளுங்கள். அந்த வழியில் உங்கள் மனை வருகிறது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.