ஆடு வருவதற்கு முன் ஒரு மாரி

மட்டக்களப்பில் பட்டிக்காரர் என்றால் மாட்டு மந்தை வைத்திருப்பவர். என் அம்மாவின் தம்பி அப்படி ஒரு பட்டிக்காரராக இருந்தவர். இப்போது அவரிடம் பட்டி இல்லை, வேலை மட்டும் கையில் இருக்கிறது. அம்மா வழியில் எனக்கு வந்த கதிரவெளிக் காணியில் நாங்கள் குடியேறியபோது, அந்த வேலையை எனக்குப் பழக்கித் தாருங்கள் என்று அம்மானைக் கேட்டேன். ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அவர் சொல்லும்வரை ஒரு ஆட்டுக்குட்டிகூடக் காணிக்குள் வரக்கூடாது.

கதிரவெளி வாகரைப் பிரதேசத்தின் வடக்கு ஓரம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதி ஊரைத் தொட்டுப் போகிறது. கிழக்கே கடல். வடக்கே வெருகலாறு. அது மகாவலியின் கிளை, ஆகவே மலைநாட்டில் பெய்யும் மழையும் எங்கள் பக்கத்துக்குத்தான் இறங்கும். மேற்கே வயலும் பற்றைக்காடும். காலுக்குக் கீழே மணல். காற்று, மணல், தண்ணீர், வெள்ளம் நான்கையும் அறியாமல் கொட்டில் போடக்கூடாது என்பது அம்மானின் கொள்கை. அவரிடம் நான் படித்தவை எல்லாம் இதற்குள் அடங்கும்.

காற்றிலிருந்து தொடங்கினோம். வெயில் மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் வீசும், அனல் காற்று. ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து மழைக்காற்று, அதன் பின்னால் வாடை. ஒரே கொட்டில் இரண்டையும் தாங்க வேண்டும். முகடு கிழக்கு மேற்காக ஓடும்படி அம்மான் கால் நட்டார். அப்படி நட்டால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில்தான் படும். கச்சான் காலத்தில் நீளப் பக்கங்கள் இரண்டும் திறந்தே கிடக்கும். மாரி தொடங்குமுன் வடக்கையும் கிழக்கையும் கிடுகால் அடைக்க வேண்டும். ஆனால் கூரைவரை அடைக்கக்கூடாது. மேலே ஒரு முழ இடைவெளி விட்டால்தான் மூத்திர நெடி வெளியேறும். "குனிஞ்சு ஆட்டின்ட மூக்கு மட்டத்தில மூச்சு எடுத்துப் பாரு புள்ள. உனக்குக் கண் எரிஞ்சா அதுக்கு நெஞ்சு எரியும். மறுகா இருமல்தான்" என்பார்.

வடக்குப் பக்கத்தில் அவர் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் எங்கள் கரையில் ஏறவில்லை. அது மாமல்லபுரத்துக்கு அருகே தமிழ்நாட்டில் கரையேறியது. ஆனால் அது கடலில் கடந்துபோன நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துக் கிடந்தன. தொற்றுநோய் என்றுதான் பலர் முதலில் பயந்தார்கள். குளிரே காரணம் என்று கால்நடை வைத்தியர்கள் பிறகு உறுதிசெய்தார்கள். வெயிலுக்குப் பழகிய மாடு நனைந்த உடம்போடு வெட்டவெளியில் இரவெல்லாம் காற்றில் நின்றால், உடம்பு உண்டாக்கும் சூட்டைவிடக் காற்று பறிக்கும் சூடு கூடிவிடும். வயிறு காலியாக இருந்தால் இன்னும் விரைவாகச் சாயும். அசைபோடும் விலங்குக்கு அடுப்பு அதன் வயிற்றில்தான் இருக்கிறது: நார்த்தீனி செரிக்கும்போது சூடு பிறக்கிறது. அதனால் மழைக்கு முன் வைக்கோல் சேர்த்து, நனையாமல் பரணில் ஏற்றி வைப்பதும் கொட்டில் கட்டுவதின் ஒரு பகுதி என்று அம்மான் கணக்கு வைத்திருக்கிறார். குளிர் இரவில் தவிட்டைவிட வைக்கோல் உதவும் என்பதை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை.

கிடுகும் நானேதான் பின்னினேன். தென்னோலையை நடுவே பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஈர்க்கு வளையும் பதம் வந்ததும் எடுக்க வேண்டும். ஊறாத ஓலை பின்னும்போதே வெடிக்கும், ஒரு மாரிகூடத் தாங்காது. ஒரு இலையை மேலே, அடுத்ததைக் கீழே என்று கை தானாகப் போகும்வரை அம்மான் பக்கத்தில் சும்மா இருந்தார். திருத்த வேண்டிய இடத்தில் மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார். தகரம் அடித்திருக்கலாமே என்று ஊரில் கேட்டார்கள். கச்சானில் தகரச் சுவர் சுடும், கிடுகு மூச்சுவிடும். கழற்றி வைக்கவும் எளிது. கூரைக்குத் தகரம் போட்டோம், அதன் மேல் பழைய கிடுகைப் பரப்பினோம்.

ஆட்டுக் கொட்டிலின் தளம் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில். இங்கே எனக்கு அதிக நேரம் எடுத்தது. பனஞ்சலாகைகளை இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். "புழுக்கை விழவேணும், குட்டிட குளம்பு விழக்கூடாது" என்பதுதான் அளவு. அது அரை அங்குலம், கொஞ்சம் கூடலாம். சலாகையின் விளிம்பைச் சீவி மழமழப்பாக்காவிட்டால் மடியில் கீறும், கீறலில் சீழ் பிடிக்கும். வேலை முடிந்ததும் அம்மான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தளம் முழுக்க நடந்தார். உள்ளங்காலில் தைத்த இடத்தையெல்லாம் மறுபடி சீவவைத்தார். ஆடு ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். மாரியில் மணல்தரைகூட மாதக்கணக்கில் காயாது. மலையும் காய்ந்த தரையும் ஆட்டின் சொந்த இடம், நாங்கள் அதைக் கடற்கரைக்குக் கொண்டு வந்திருக்கிறோம், ஆகவே உயரத்தை நாங்கள்தான் செய்து கொடுக்க வேண்டும்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது நீரியல் கணக்கு. அப்படியென்றால் மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்பு ஏறிவரும் உயரத்தையும் யோசிக்க வேண்டும். கிணற்றை ஆழமாக்காதே, மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைக்காதே, காலையும் மாலையும் பிரித்து அள்ளு என்று அம்மான் சொன்னதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. வாகரைப் பக்கத்தில் இல்மனைட் மணல் அகழ்வுக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கும் இந்தப் படையைப் பற்றிய பயம் ஒரு காரணம். மணலை எடுத்தால் தண்ணீர் நிற்க இடமில்லை. என் வீட்டுக் கிணற்றைப் பார்த்த பிறகு அந்தப் பயத்தை நான் முழுக்க நம்புகிறேன்.

அதே மணல் மூத்திரத்தையும் தடுக்காது. சாணிக் கும்பியும் கொட்டிலும் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாமல், தண்ணீர் ஓடும் சரிவின் கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். காணியின் எந்தப் பக்கம் சரிவு என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முதல் மழை பெய்யும்போது குடையோடு நின்று ஓட்டத்தைப் பார்க்கச் சொன்னார். கொட்டிலுக்கு இடம் குறித்தது அந்த மழைக்குப் பிறகுதான்.

தீனி விஷயத்தில் நாங்கள் இருவரும் நிறையப் பேசினோம். அம்மானுடைய காலத்தில் பெரும்போக விதைப்பு தொடங்கியதும் மாடுகளை வயல்வட்டையிலிருந்து காட்டுப்பக்கம் சாய்ப்பார்கள், அறுவடைக்குப் பிறகு திரும்பக் கொண்டுவருவார்கள். இன்று மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே வருகிறது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தை மட்டக்களப்பில் அறியாதவர் இல்லை. "பட்டி வளக்கக் காடு வேணும். காடு இல்லாட்டி வேலிய வள" என்று அம்மான் முடிவாகச் சொன்னார்.

வேலியை வளர்த்தோம். ஐப்பசி மழையோடு கிளிசரியாத் தடி, பூவரசு, முள்முருக்கு நட்டோம். கிளிசரியாவை இலங்கையில் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்திருக்கிறார்கள், அந்த அளவுக்குப் பயனுள்ள மரம். ஆனால் அதன் மணம் ஆட்டுக்கு உடனே பிடிக்காது. வெட்டி ஒரு பொழுது வாடவிட்டு, மற்றக் குழையோடு கலந்து பழக்க வேண்டும். இப்பிலிப்பில் குழை நல்ல சத்து, அதையே தொடர்ந்து போட்டால் மயிர் கொட்டும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு ஒரு ஆட்டைக் கண்முன்னே சாய்த்துவிடும். குளியல் தண்ணீர் ஓடும் இடத்தில் கோ-3 புல் வைத்தோம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கம்பையும் நேப்பியர் புல்லையும் சேர்த்து உருவாக்கிய புல் அது. கதிரவெளி மணலிலும், சாணி போட்டால், ஆள் உயரம் வருகிறது.

முடிச்சுப் போடப் பழக்கியது ஒரு மாலைப் பொழுதில். மாட்டின் கழுத்தில் இறுகாத முடிச்சு, கட்டையில் ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு. இருட்டில், ஈரக் கயிற்றில், இடது கையாலும் அவிழ்க்க வேண்டும் என்று நிற்கிறார். வெள்ளத்துக்காகவா என்று கேட்டேன். 2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பு மாவட்டத்தையே மூடியது எனக்கு நினைவிருந்தது. வெள்ளமும்தான் என்றார். பிறகு 2006 நவம்பரைச் சொன்னார். அந்த மாதம் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் விழுந்து பலர் இறந்தார்கள். அடுத்த மாதங்களில் ஊரே வெளியேறியது. கயிற்றை அவிழ்க்க நேரமில்லாமல் போன வீடுகள் இருந்தன. கட்டையைச் சுற்றிச் சுற்றி நின்ற மாடுகளைப் பற்றி அவர் ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மீள்குடியேறி வந்தபோது அவருடைய குறி சுட்ட மாடு ஒன்றும் இல்லை. நான் அந்த முடிச்சை இப்போது கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், என் பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறேன்.

மாரி முடிந்து, வேலித் தடிகள் தழைத்து, ஒரு முறை கவ்வாத்து வெட்டிய பிறகுதான் அம்மான் ஆடு பார்க்கக் கிளம்பினார். வாங்கும் இடத்தில் அவர் முதலில் பார்ப்பது கீழ்க்கண் இமையின் உட்புறத்தை. சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடிக்கிறது. தென்னாபிரிக்காவில் இதே சோதனைக்கு வண்ண அட்டை ஒன்று செய்து உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள், அம்மானுக்கு அட்டை தேவைப்படவில்லை. புழுவின் குஞ்சுகள் பனியீரப் புல்லில் ஏறி நிற்கும் என்பதால், பனி காயாமல் ஆட்டை அவிழ்ப்பதில்லை. வந்த ஆடுகளை முதல் சில வாரங்கள் தனியாக அடைத்தோம். மாட்டுக்குக் காதிலக்கமும் உரிமைப் பத்திரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம், கால்வாய் நோய்த் தடுப்பூசி போட்டோம்.

இப்போது கொட்டிலில் சில நாட்டாடுகளும் ஒரு பசுவும் கன்றும் நிற்கின்றன. முதல் ஆடு ஐந்து மாதச் சினை முடிந்து இரட்டைக் குட்டி ஈன்றது. ஈன்ற ஒரு மணித்தியாலத்துக்குள் சீம்பாலை இரண்டு குட்டியும் குடிக்கும்வரை அம்மான் பலகையில் இருந்து அசையவில்லை. பெலன் குறைந்த குட்டியை மடியில் பிடிப்பித்தது நான்.

கிழக்கில் பூர்வீகக் காணிக்குத் திரும்பிப் போகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உதவித் திட்டத்திலோ கைக்காசிலோ முதலில் ஆடு, மாடு வாங்கிவிடுகிறீர்கள், கொட்டிலைப் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறீர்கள். தயவுசெய்து ஒரு மாரியைக் காணியோடு மட்டும் கழியுங்கள். தண்ணீர் ஓடும் பக்கத்தைப் பாருங்கள், வேலித் தடியை நடுங்கள், வடக்கை அடையுங்கள். கால்நடைக்கான பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள்.