தேர்வும் தேர்ச்சியும்

தேர்வு எழுதுகிறோம், தேறுகிறோம், அடுத்த வகுப்புக்குப் போகிறோம். ஆனால், எழுதி முடித்த பாடம் நம்மோடு வருகிறதா, அன்றித் தேர்வுக்கூடத்து மேசையிலேயே தங்கிவிடுகிறதா? மதிப்பெண் பட்டியல் இதற்கு விடை கூறுவதில்லை. கால்நடை மருத்துவம் பயிலும் எனக்கோ இவ்வினாவை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

நம் நாட்டில் இப்படிப்பு ஐந்தரை ஆண்டுக் காலத்தது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி நாலரை ஆண்டு வகுப்பு. ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. முதலாண்டில் உடற்கூறு, இரண்டாமாண்டில் நுண்ணுயிரியல், மூன்றாமாண்டில் பொதுச் சுகாதாரம், இறுதியில் மருத்துவமும் அறுவையும் என்று பாடங்கள் படிப்படியாக வருகின்றன. ஒவ்வொரு படியிலும் தேர்வு உண்டு. தேர்வு முடிந்த அன்றே நூலைக் கட்டிப் பரணில் ஏற்றுவாரும் நம்மிடையே உண்டு!

நோய்கள் இவ்வாறு ஆண்டு பிரித்துக்கொண்டு வருவதில்லை. வடக்கு அந்தமானில் உள்ள திக்லிபூர் என் ஊர். சாடில் சிகரமும் கல்பொங் ஆறும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர். அங்கே 1988 முதல் மழைக்காலத்தை அடுத்து ஒரு காய்ச்சல் தலைகாட்டியது. நுரையீரலில் இரத்தம் கசிந்து பலர் மாண்டனர். காரணம் விளங்காமையால் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அதனை அழைத்தனர். 1993இல் திக்லிபூரில் பரவியபோது நடந்த ஆய்வில்தான் அது லெப்டோஸ்பைரா என்னும் திருகுவடிவக் கிருமியால் விளையும் எலிக்காய்ச்சல் என்று தெளிவாயிற்று.

அக்கிருமி எலி, மாடு முதலிய விலங்குகளின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. சிறுநீர் வழியே சேற்று வயலில் கலக்கிறது. உழவன் காலிலுள்ள சிறு புண் வழியே உடலுள் நுழைகிறது. பசுவுக்கு வந்தால் பால் குறையும், சினை கலையும். சிறுநீரகம் முதலாண்டுப் பாடம். கிருமி இரண்டாமாண்டுப் பாடம். மனிதருக்குப் பரவுவது மூன்றாமாண்டுப் பாடம். மாட்டுக்கு மருந்து கடைசியாண்டுப் பாடம். நமக்கு நான்கு நூல். உழவனுக்கு ஒரே துயரம்.

விடுமுறைதோறும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, ஏழாம் மாசத்திலே பசு கன்னு வீசிடுச்சே, ஏன்?" முதலாண்டில் கருப்பையின் அமைப்பைச் சொன்னேன். இரண்டாமாண்டில் நான்கு கிருமிகளின் பெயரை அடுக்கினேன். மூன்றாமாண்டில், "ஐயா, பால் கறக்கிறவங்க யாருக்காவது காய்ச்சல் உண்டா? கையிலே புண் இருக்கா?" என்று நானே கேட்டேன். கடைசியாண்டில், "இப்போ சொல்ல முடியாதுங்க ஐயா, இரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன். பெரியவர் சிரித்தார். "இப்போதான் தம்பி வைத்தியன் ஆகிறே" என்றார். கேள்வி மாறவில்லை, விடை வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு என் மதிப்பெண் பட்டியலில் ஓர் இடமும் இல்லை.

இப்பெரியவரின் முறையையே அயல்நாட்டுக் கல்லூரிகள் சில கையாள்கின்றன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவக் கல்லூரியில் 1970களில் வளர்ச்சித் தேர்வு என ஒன்று தொடங்கினர். முதலாண்டு மாணவனும் இறுதியாண்டு மாணவனும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுவர். வினாக்கள் பட்டம் பெற்றவன் அறிந்திருக்க வேண்டியவற்றிலிருந்து வரும். ஆண்டில் சில முறை, புதுப்புது வினாக்களோடு இது நடைபெறும். பாடப்பரப்பு முழுவதும் அடங்குவதால் முந்திய இரவு கண்விழித்து மனப்பாடம் செய்து பயனில்லை. 'தெரியாது' என்றும் விடையளிக்கலாம். குருட்டாம்போக்கில் தவறாகக் குறித்தால்தான் மதிப்பெண் குறையும். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் 2013 முதல் இம்முறையைக் கைக்கொண்டன.

"இருக்கும் தேர்வுகள் போதாவோ?" என்று தோழர்கள் சினக்கலாம். சினம் நியாயமே. இதுவும் தேறினான், தவறினான் என்று தீர்ப்புக் கூறுமாயின் மற்றுமொரு சுமையே ஆகும். பக்கத்து இருக்கைக்காரனோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டு நான் எங்கு நின்றேன், இன்று எங்கு நிற்கிறேன் என்று எனக்கே காட்டும் கண்ணாடியாக இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. கன்றை இழுத்து எடுக்கும் கைத்திறனை இத்தாள் அளக்காது என்பதும் உண்மை. அறிவை அளக்கட்டும், கையைத் தொழுவம் அளக்கும்.

1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு கடந்து நிற்கிறது. அத்தகைய மரபுடைய நாட்டில் மாணவர் மன்றங்களே இதனைத் தொடங்கலாகாதா? ஆண்டுக்கு ஒருமுறை ஐம்பது வினாக்கள், எல்லா வகுப்பினரும் ஒன்றாக அமர்வோம், தரவரிசை வேண்டா, விடைத்தாள் அவரவர் பெட்டியில் இருக்கட்டும்.

திக்லிபூரிலிருந்து தீவுகளின் தலைநகருக்குச் சாலைவழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அத்தகைய ஊரில் நள்ளிரவில் தொழுவத்தில் நிற்கும் இளம் மருத்துவனுக்கு அருகில் நூலகமும் இல்லை; ஆசிரியரும் இல்லை. ஐந்தாண்டில் கற்றதில் எது மிஞ்சியதோ அதுவே துணை. அது எவ்வளவு என்பதை, பட்டம் வாங்கும் முன்னரே நாம் அறிந்துகொள்ள வேண்டாவா?