வரி கொடுத்த இடத்தில் பெயர் இருக்கும்

இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்க்காரர் தம் முன்னோரைத் தேடக் கிளம்பினால் நேரே ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டைத் தேடிப் போகிறார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-இல் மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். பத்துத் தலைமுறைகூட ஒரே பதிவேட்டு வரிசையில் கிடைக்கலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் அப்படி ஒரே புத்தகம் இல்லை. திருச்சுழியை அடுத்த மண்டபசாலையில், 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் ஒரு நிலையம் வைத்திருந்தது. அதன் வழி வந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபைப் பதிவேடு துணை உண்டு. மற்றக் குடும்பங்களின் கதையைத் தொகுப்பவர் வேறு வழி பார்த்தாக வேண்டும். இந்த வேலையில் ஊறியவர்கள் நம்பும் விதி ஒன்றுதான்: ஒரு மனிதர் எங்கே வரி கொடுத்தாரோ அங்கே தேடு.

சர்க்காருக்குக் கொடுத்த வரியில் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். 1803-இல் ராமநாதபுரம் நிரந்தர ஜமீனானது. ரயத்துவாரி ஊர்களில் சர்க்கார் நிலத்தை அளந்து பட்டாதாரர் பெயரை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பக்கத்தின் பெரும்பகுதிக் குடியானவர்கள் ஜமீனுக்குத்தான் தீர்வை கட்டினார்கள். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகே அவர்கள் பெயர் சர்க்கார் செட்டில்மெண்டில் ஏறியது. ஜில்லாவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1910 வரை மதுரை, பிறகு ராமநாதபுரம், 1985 முதல் இன்றைய விருதுநகர். ஒரே ஊரின் காகிதத்துக்கு மூன்று ஊர் ஏற வேண்டும்.

கோயில் வரி அப்படி ஏமாற்றுவதில்லை. பொங்கலுக்கும் கொடைக்கும் தலைக்கட்டு வரி பிரிக்கும்போது ஒவ்வொரு ஆண்டும் ஒரு நோட்டு போடுவார்கள். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவன் அந்த ஆண்டு புதுத் தலைக்கட்டாக ஏறுகிறான். பத்துப் பதினைந்து நோட்டுகள் தொடர்ச்சியாகக் கிடைத்தால் எந்த வீடு எப்போது பிரிந்தது, யார் இறந்தார், எவர் குடும்பத்தோடு வெளியூர் போனார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கணக்கு முடிந்ததும் பழைய நோட்டு குப்பைக்குப் போய்விடுகிறது. இந்த வட்டார வரலாற்றுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

நாடார் உறவின்முறைகளின் மகமைக் கணக்கு இன்னும் செறிவானது. வியாபாரச் சரக்கில் சிறு பங்கைப் பொதுநிதியாகக் கொடுத்து, முறைகாரர் வசூலித்து, அதில் கோயில், கிணறு, பள்ளிக்கூடம் நடத்திய ஏற்பாடு அது. அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் அதில் பேர்போனவை. யார் என்ன வியாபாரம் செய்தார் என்பதும் மகமையோடு சேர்ந்தே பதிவாகும்.

வரிக் கணக்கோடு கிரையப் பத்திரமும் உதவும்; அதில் விற்றவரையும் வாங்கியவரையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. நான்கெல்லை விவரத்தைப் படிக்க வேண்டும்; சுற்றி நாலு புஞ்சைக்காரர்கள், பெரும்பாலும் பங்காளிகள், அங்கே நிற்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பூமி இது. ஒரே தெருவில் நாலு கருப்பசாமிகள் இருந்தாலும் ‘வகையறா’ என்ற அடைமொழி அவர்களைப் பிரித்துக் காட்டிவிடும்.

அடுத்தது ஆண்டுச் சிக்கல். பெரியவர்கள் “தாது வருஷம்” என்பார்கள். 1876-இல் வந்த தாது பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. அறுபது ஆண்டு கழித்து 1936-இலும் தாது வந்தது. பேச்சில் பஞ்சம் வந்தால் முதல் தாதுவைப் பார்க்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் பேரன்களின் வயதைக் கொண்டு தலைமுறையை எண்ணித்தான் தீர்மானிக்க வேண்டும்.

கிழமையிலும் கவனம் தேவை. திருச்சுழியில் வக்கீல் சுந்தரம் ஐயருக்கு மகனாக ரமண மகரிஷி பிறந்தது பிரமாதி வருஷம் மார்கழியில், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு. ஆங்கிலத் தேதி 1879 டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். ஆகவே அது திங்கள் இரவு. இரண்டும் சரி. இது தெரியாதவர் ஜாதகம் தப்பென்று ஒதுக்கிவிடுவார்.

ஜாதகம் எழுதிய வீடுகள் கொஞ்சம். மற்றவர்களுக்குப் பிறப்பு இறப்புப் பதிவேடுதான் வழி. அதைக் கிராம முன்சீப் வைத்திருந்தார்; அந்தப் பதவியே 1980-இல் ஒழிந்தது. இன்றும் முன்சீப், கர்ணம் வழிவந்த வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனை கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வரி கொடுத்தவர் ஆண். நிலம் வைத்திருந்தவரும் பெரும்பாலும் ஆண். எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்பது எந்த நோட்டிலும் இல்லை. புஞ்சை இல்லாமல் கூலிக்குப் போன குடும்பங்களின் பெயரும் பத்திரங்களில் ஏறவில்லை. அங்கே கிழவிகளின் ஞாபகமே ஆவணம். உதாரணமாக, கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை என்னும் குலப்பிரிவு தாய்வழி வருகிறது. தகப்பன் ஒரு கிளை, பிள்ளைகள் தாயின் கிளை. ஒரே கிளைக்குள் சம்பந்தம் கிடையாது. குலதெய்வமோ தகப்பன் வழி. இரண்டையும் கேட்டு எழுதினால்தான் அந்தக் குடும்பத்தின் முழு வரைபடம் கிடைக்கும். பாதி வழியை மட்டும் எழுதிவிட்டு வம்சாவளி என்று அச்சடிப்பது அந்தத் தாய்களுக்குச் செய்யும் அநியாயம்.

மாசிச் சிவராத்திரிக்கு வெளியூர்ப் பங்காளிகள் எல்லாரும் குலதெய்வம் கும்பிட வந்து சேர்வார்கள். அடுத்த மாசிக்குப் போகிறவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். அப்பத்தாவிடம் அவருடைய அம்மா பெயரையும், அந்த அம்மா பிறந்த ஊரையும் கேட்டு எழுதுங்கள். கோயில் பூசாரி வீட்டில் பழைய வரி நோட்டு இருந்தால் தூக்கிப்போட விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.