புக்ககம் போன யந்திரங்கள்

பெயர் மாறுவது பெண்களுக்குப் புதிய விஷயமல்ல. கல்யாணத்துக்கு முதல் நாள் வரை அப்பாவின் முதலெழுத்து. மறுநாள் முதல் கணவரின் முதலெழுத்து. பிறந்த வீட்டில் 'சின்னவள்' என்றால் புகுந்த வீட்டில் 'பெரிய மதினி'. ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயருமாக இருந்து, இரண்டும் ஒருத்திதான் என்று ரூபிப்பதற்குத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்த சகோதரிகள் எத்தனை பேர்!

யந்திரங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்தத் தொல்லையைத் தீர்த்துவைப்பதுதான் எனக்கு ஜீவனம்.

திருநெல்வேலியில் எங்கள் குடும்பத்துக்கு உதிரி பாகக் கடை. ரோடு போடும் யந்திரங்களுக்குத்தான் அதிகம். முக்கியமாக, மண்ணை அழுத்திக் கெட்டிப்படுத்தும் ரோலர்களுக்கு. 'கம்பாக்டர்' என்பது அதன் உத்தியோகப் பெயர். கொள்முதலுக்காக என் கணவர் வெளியூர் போய்விடுவார். கல்லாவில் நான்.

இந்த ரோலர் வெறும் கனத்தினால் மட்டும் மண்ணை அழுத்துவதில்லை. அதன் உருளைக்குள்ளே ஒரு பக்கம் கனமான ஓர் எடை சுழல்கிறது. அதனால் உருளை விநாடிக்கு முப்பது தடவை போல அதிர்ந்து மண்ணைக் குத்துகிறது. மண்ணும் அதற்குப் பக்குவமாக இருக்க வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறுகிறோமே, அதே பக்குவந்தான். பிடித்தால் பிடிபட வேண்டும். உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் குறைந்தாலும் ஒட்டாது, கூடினாலும் குழம்பிவிடும். 1933-ல் ரால்ஃப் ப்ராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர், மண் அணைகள் கட்டுவதற்காக இந்தப் பக்குவத்தை அளந்து கணக்காக எழுதிவைத்தார். நம் பாட்டிமார் அளக்காமலே கண்டுபிடித்திருந்தார்கள்!

மண் சரியாகக் கெட்டிப்படவில்லையென்றால் முதல் மழையிலேயே ரோடு உட்கார்ந்துவிடும். குழாய் புதைத்து மூடிய தெருவில் பள்ளம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே உருளையைத் தாங்கும் ஒரு ரப்பர் கட்டையோ, எண்ணெய் கசியாமல் காக்கும் ஒரு சிறு வளையமோ, நம் வீட்டு வாசலுக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம் அல்ல.

இனி இவற்றின் கல்யாணக் கதைகள்.

இங்கர்சால் ராண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி, தன் சாலை யந்திரப் பிரிவை 2007-ல் ஸ்வீடன் தேசத்து வால்வோவுக்கு விற்றது. நம் பெங்களூர்த் தொழிற்சாலையும் சேர்ந்தே கைமாறியது. 'எஸ்.டி. 110' என்ற ரோலருக்கு எண் அப்படியே இருக்க, முன்னால் உள்ள பெயர் மட்டும் மாறியது. பிறகு எண்ணின் வாலில் எழுத்துகள் சேரத் தொடங்கின. ஜெர்மனியில் பிறந்த வைப்ரோமாக்ஸோ, ஒரு காலத்தில் கேஸ் கம்பெனி வீட்டில் வாழ்ந்து, 2005-ல் ஜே.சி.பி. வீட்டுக்குப் போனது.

எல்லாவற்றிலும் வேடிக்கை, டைனபாக், போமாக் கதை. முன்னது ஸ்வீடன், பின்னது ஜெர்மனி. பல காலம் எதிரெதிர்க் கடைகளாய் நின்று போட்டி போட்டவை. பிரான்ஸ் தேசத்து ஃபயாட் குழுமம் 2005-ல் போமாக்கை வாங்கியது. அட்லஸ் காப்கோ வீட்டில் பத்து வருஷம் இருந்த டைனபாக்கையும் 2017-ல் அதே குழுமம் வாங்கிவிட்டது. அன்றைய எதிராளிகள் இன்று ஓரகத்திகள்! ஓரகத்திகள் என்பதற்காக ஒருத்தியின் வளையல் மற்றவளுக்குச் சேருமா? சேராது. 'ரெண்டும் இப்போ ஒரே கம்பெனிதானேம்மா' என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்லுகிறேன்.

கம்பெனி கைமாறாமலே பெயர் மாறுவதும் உண்டு. கட்டுமான யந்திரங்களின் புகையைக் குறைப்பதற்கான புதிய சட்டம் நம் நாட்டில் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதற்குத் தக்கபடி எஞ்சினை மாற்றினார்கள். பெயரிலும் எழுத்தைக் கூட்டினார்கள். ஆனால் உருளையும் ரப்பரும் பழையவையாகவே இருக்கலாம். பெயர் புதிது, பாகம் பழையது.

பெயர் மாறாமல் பாகம் மட்டும் மாறிவிடுவது அதைவிடச் சங்கடம். மேலே பார்த்தால் அதே வண்டி, அதே பெயர், அதே வர்ணம். உள்ளே இந்த எண் வரைக்கும் பிறந்த வண்டிக்கு ஒரு பாகம், அதற்குப் பிறகு பிறந்ததற்கு வேறு பாகம். இதை உதிரி பாகப் புத்தகம் மட்டுமே சொல்லும். யந்திரத்தின் சட்டத்தில் சிறு தகடு ஒன்று பதித்திருக்கும். அதில் உள்ள வரிசை எண்தான் அதன் ஜாதகம். பெயரை யாரும் மாற்றலாம். பிறந்த நேரத்தை மாற்ற முடியுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ரோடுகள் அறுந்துபோயின. வெள்ளம் வடிந்ததும் ஊர் ஊராக ரோலர்களுக்கு வேலை வந்தது.

பத்தாம் நாள் காலையில் கடை திறந்ததும் ஓர் அண்ணாச்சி வந்தார். சிறிய காண்ட்ராக்டர். வேட்டியெல்லாம் சேறு. கையில் கிழிந்துபோன ரப்பர் கட்டை ஒன்று.

"யம்மா, இதுக்கு ரப்பர் இருக்கா?"

"என்ன வண்டி அண்ணாச்சி?"

"மஞ்ச வண்டிம்மா."

ரோடு யந்திரங்களில் மஞ்சள் அல்லாததைத் தேடித்தான் எடுக்க வேண்டும்! வண்டியின் மேல் எழுதியிருந்த பெயரைக் கேட்டேன். சொன்னார்.

"அந்தப் பேரைச் சொல்லித்தாம்மா வேற ஊர்க் கடையில வாங்குனேன். ஓட்டையெல்லாம் கச்சிதமாச் சேந்துது. ஓட்டிப் பாத்தா, உருளை அதிரல, மேல இருக்க ஆளுதான் அதிருதான். 'எனக்கு இடுப்பே கழண்டுட்டு'ங்கான் டிரைவரு. பன்னெண்டு பேரு சும்மா உக்காந்திருக்காங்க."

கூலி நஷ்டத்தை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், "எம் மக மாசமா இருக்கா தாயி. அறுந்த ரோட்டுக்கு அந்தாலதான் அவ வீடு. ஆட்டோகூட வரமாட்டேங்கான்" என்றார்.

ரப்பரில் உள்ள சூட்சுமம் இதுதான். உருளையின் அதிர்ச்சி வண்டிச் சட்டத்துக்கு ஏறாமல் தடுப்பது அதன் வேலை. அகலமும் உயரமும் துளையும் ஒன்றாகவே இருக்கும். கெட்டித்தன்மை மட்டும் வேறாக இருக்கும். கண்ணுக்கும் தெரியாது, நாடா வைத்து அளந்தாலும் தெரியாது.

தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சேற்றையும் அதன்மேல் பூசியிருந்த வர்ணத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அரை மணி நேரத்தில் டிரைவர் அனுப்பிவிட்டார். பார்த்தால், வண்டி பழைய பெயரில் பிறந்தது! இரண்டு கை மாறி, நடுவில் யாரோ வர்ணம் அடித்துப் புதுப் பெயரையும் ஒட்டியிருக்கிறார்கள். புத்தகத்தில் வரிசை எண்ணைத் தேடி, அதற்கான பாக எண்ணைப் பிடித்தேன். அந்த எண்ணை நிறுத்திவிட்டு வேறு எண் கொடுத்திருந்தார்கள். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண் வந்தால், புதியது பழைய வண்டிக்குச் சேரும். பழையது புதிய வண்டிக்குச் சேரும் என்று நிச்சயமில்லை.

பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் மறுநாள் விடியற்காலை ரப்பர் வந்து சேர்ந்தது. ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். தளர்ந்தவற்றோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால், பாரமெல்லாம் அந்த ஒன்றின் தலையில்தான் விழும். குடும்பங்களில் நாம் பார்க்காததா? பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணாச்சி ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு வந்தார். மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது அந்த ரோட்டு வழியாகத்தானாம்.

எல்லாப் பாகத்துக்கும் இவ்வளவு பாடு இல்லை. சிலவற்றுக்கு எந்தக் கம்பெனி வீட்டுக்குப் போனாலும் மாறாத குலப்பெயர் உண்டு. பேரிங்கின் விளிம்பைப் பாருங்கள். 6205 என்று இருந்தால் உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, தடிப்பு 15. உலகம் முழுவதும் அதே அளவு. கடைசி இரண்டு எண் 04 முதல் மேலே இருந்தால், ஐந்தால் பெருக்குங்கள், உள்துளை வந்துவிடும். நம் வீட்டு மின்விசிறிகள் பலவற்றில் இருக்கும் 6202-ம் இந்தக் குலந்தான். அதற்குத் துளை 15. எண்ணுக்குப் பின்னால் 'சி3' போல ஏதாவது இருந்தால் அதையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். உள்ளே குண்டுகளுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதை அந்த வால்தான் சொல்லும். எண்ணெய் வளையத்தில் 35-52-7 என்பது உள், வெளி, தடிப்பு. பெல்ட்டில் 'ஏ' என்றால் மேலகலம் 13 மில்லிமீட்டர், 'பி' என்றால் 17.

கொஞ்சம் யோசித்தால், சமையலறையிலும் நாம் இதே அவஸ்தையைத்தான் படுகிறோம். 'அஞ்சு லிட்டர் குக்கருக்கு வளையம்' என்று வாங்கி வந்தால் மூடி உட்காராது. மூடி உள்ளே போகும் குக்கரா, வெளியே மூடும் குக்கரா என்று கேட்காத கடைக்காரர் வளையம் கொடுக்கவே கூடாது. மிக்ஸி ஜாடியின் அடியில் இருக்கும் பல் சக்கரமும் அப்படித்தான். புதிய பெயரில் வந்த ஜாடி பழைய மோட்டாரில் உட்காரும் என்று அட்டைப் பெட்டி சொன்னால் போதாது. பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை, புதியது மாட்டி ஓடும் வரைக்கும் குப்பையில் போடாதீர்கள். கடைக்குப் போகும்போது அதையே கையில் கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். ஆயுத பூஜையன்று கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைக்கிறோம் அல்லவா? அன்றைக்கு அடியில் இருக்கும் தகட்டைத் துடைத்து, அதில் உள்ள எண்ணையும் வாங்கிய வருஷத்தையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தகட்டின் மேல் மட்டும் சந்தனத்தை அப்பிவிடாதீர்கள்!