ஏற்றினால் இறங்குகிறது

திங்கள்

வார்ப்பாலையின் மோல்டிங் பகுதியிலிருந்து காலையிலேயே ஆள் வந்துவிட்டார். 2 டன் ஹாய்ஸ்ட் உறுமுகிறதாம், தூக்க மாட்டேன் என்கிறதாம். நான் போவதற்குள் மோட்டார் எரிந்துவிட்டதென்று முடிவு கட்டி, கழற்ற ஏணியும் சாய்த்துவிட்டார்கள். வெறும் கொக்கியை இறக்கச் சொன்னேன். ஒழுங்காக இறங்கியது. அப்படியென்றால் மூன்று பேஸும் வருகிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, பிரேக்கும் விடுபடுகிறது. மிச்சம், ஏற்றும்போது மோட்டாருக்கு மின்சாரம் விடும் கான்டாக்டர்தான். மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுத் திறந்தால், அதில் ஒரு முனை கருகிக் குழிந்து கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்றார் ஒருவர். முனையில் இருப்பது வெள்ளிக் கலவை, தேய்த்தால் அதுவும் போய்விடும். புது செட் மாற்றினேன். அச்சுப் பெட்டியை உட்கார வைக்கப் பட்டனைத் தட்டித் தட்டி ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அங்கே ஒரு பொறி பறக்கிறது.

புதன்

ஒரு ஹாய்ஸ்ட்டில் பட்டனை விட்ட பிறகும் பாரம் நாலு விரற்கடை வழுக்கியது. பிரேக் லைனர் தேய்ந்திருந்தது. மாற்றி, இடைவெளி வைத்தாயிற்று.

வெள்ளி

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும். நேற்று இரவு ஷெட்டுக்கு வரும் கேபிளில் ஜாயின்ட் போட்டார்கள். காலையில் ஏற்றப் பட்டனை அழுத்தினால் கொக்கி இறங்குகிறது. இரண்டு பேஸ் இடம் மாறிவிட்டது. ஹெல்பர் பையன் பெண்டன்ட்டை, அதாவது தொங்கும் பட்டன் பெட்டியை, திறந்து ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்றான்.

“ரெண்டு ஒயர மாத்திப் போட்டா சரியாப் போயிருமுங்கண்ணா.”

“தம்பி, கைய எடு மொதல்ல.”

பட்டன் சரியாகத்தான் போகும். ஆனால் மேல் லிமிட் சுவிட்ச் வெட்டுவது ஏற்றக் கான்டாக்டரின் காயிலை. பெண்டன்ட்டில் ஒயரை மாற்றினால் கொக்கியைத் தூக்குவது இறக்கக் கான்டாக்டர். உச்சிக்குப் போனதும் லிமிட் தன் வேலையைச் செய்யும், ஓடாத கான்டாக்டரை வெட்டும். கொக்கி போய் டிரம்மில் இடிக்கும், ரோப் அறும். முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி அறுந்து விழுந்ததைப் பார்த்தவன் நான். கீழே அன்று யாரும் இல்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கேபிள் வந்து சேரும் போர்டிலேயே இரண்டு பேஸை மாற்றினோம். ஷெட்டில் உள்ள மூன்று ஹாய்ஸ்ட்டும் ஒரே நேரத்தில் நேராகின. பிறகு ஒவ்வொன்றிலும் வெறும் கொக்கியை அங்குலம் அங்குலமாக ஏற்றி லிமிட் வெட்டுகிறதா என்று பார்த்தேன். முதலிரண்டும் வெட்டின. மூன்றாவதில் நெம்புகோல் தட்டியும் கொக்கி ஏறியது, விரலை எடுத்தேன். உள்ளே மணல் இறுகிப் போயிருந்தது. 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் நடப்பிலேயே இருக்கிறது. ஆனால் வார்ப்பாலை மணலுக்கு ஒரு மாதம் போதும். இனி ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் வெறும் கொக்கியில் லிமிட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

புது சுவிட்ச் திங்களன்றுதான் வரும். மூன்றாவது ஹாய்ஸ்ட்டின் மெயினைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.