மோட்டாருக்கு ஓதிய தண்ணீர்

நம் கடலோரத்து வள்ளங்களிலுள்ள பழைய மோட்டார்களுள் பல பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. உறைபனிக் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றத்தக்க ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கோ 35 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். விடியற்காலைக் கடற்கரையில் அவ்வெப்பம் ஏது?

தேங்காய்ப்பட்டணத்து அன்பர் ஒருவர், சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கருங்கல்லுக்கு என்னைத் தேடி வந்தார். "உஸ்தாதே, மோட்டாரு கயிற இழுத்து இழுத்துத் தோளு போச்சு. வீட்டுல தண்ணி ஓதி வாங்கிட்டு வரச் சொன்னா" என்றார். ஓதிக் கொடுத்தேன். கடற்கரையில் வளர்ந்தவனாதலால், "நேற்று எதில் ஓட்டி நிறுத்தினீர்?" என்றும் கேட்டேன். "மண்ணெண்ணெயிலதான். பெட்ரோல் விக்கிற விலையில..." என்று இழுத்தார்.

அவர் மிச்சம் பிடித்தது அரைக் குவளை பெட்ரோல் இருக்குமோ என்னவோ! கார்புரேட்டரில் தேங்கிய மண்ணெண்ணெய் காலையில் ஆவியாகாது. சோக்கை இழுக்க இழுக்க பிளக்தான் நனையும்.

கார்புரேட்டரை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி உலர்த்த வேண்டும். பிளக் இல்லாமலே, தீப்பொறி எழாதபடி செய்துகொண்டு, கயிற்றைச் சிலமுறை இழுத்தால் சிலிண்டரில் தேங்கியது வெளியேறும். பிறகு பெட்ரோலில் கிளப்பலாம். அன்றாடம் கரைசேருமுன் சில நிமிடம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்தினால் இத்தனை பாடும் இல்லை.

கரையில் கிளம்பாத மோட்டார் தோள்வலியோடு விட்டுவிடும். அரைகுறையாய்க் கிளம்பியது அலை மடியுமிடத்தில் நின்றுபோனால், திசைமாறிய வள்ளத்தை அடுத்த அலை பக்கவாட்டில் அறையும். தேங்காய்ப்பட்டணத் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து மாண்டோர் பலர். அந்த வீட்டுப் பெண்மணி தண்ணீர் ஓதி வாங்கிவரச் சொன்னது தோள்வலிக்காக அன்று.