முந்திரிக்கொட்டையும் எக்ஸ்பர்ட் ப்ளஸ்ஸும்

உங்க ஊர்ல அவசரக்குடுக்கையை என்ன சொல்லித் திட்டுவீங்க? எங்க ஊர்ல ‘முந்திரிக்கொட்டை’தான். திட்டுறதுக்குச் சரக்கு தேடி அலையவே வேணாம், வாசல்லயே மூட்டை மூட்டையா கிடக்கும். ஊரு காடாம்புலியூர் பாஸ்! பண்ருட்டியில இருந்து நெய்வேலி போற ரோட்டுல வந்தீங்கன்னா, சீஸன்ல பஸ் ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. பழத்துக்குள்ள அடக்கமா இருக்க வேண்டிய கொட்டை, பொறுமையில்லாம வெளியில வந்து தொங்கிக்கிட்டு இருக்கும். அதான் நான்.

மேட்டருக்கு வர்றேன். சிங்கப்பூர்ல இருக்கிற என் சித்தப்பா பையன் 2024 பொங்கலுக்கு வந்தப்போ, தன்னோட பழைய குவெஸ்ட் 2 ஹெட்செட்டை என்கிட்ட விட்டுட்டுப் போனான். வி.ஆர். சமாச்சாரம். கண்ணுல மாட்டினா நம்ம ஓட்டு வீடு காணாமப் போயிடும், வேற உலகம் வந்துடும். அதுல இருந்த ஒரு கேம்தான் என்னைக் கவுத்துப்போட்டது. பேரு ‘பீட் சேபர்’. செக் நாட்டுல ஒரு சின்ன டீம் பண்ணினது. 2018 மே மாசம் வெளிவந்துச்சு, 2019 நவம்பர்ல அந்த டீமையே ஃபேஸ்புக் வாங்கிடுச்சுன்னா ஹிட்டு எப்படின்னு பார்த்துக்குங்க.

ஆட்டம் சிம்பிள். ரெண்டு கையிலயும் ஒளிவாள். இடது சிவப்பு, வலது நீலம். பாட்டு ஓட ஓட, தாளத்துக்கு ஏத்த மாதிரி எதிர்ல இருந்து கட்டைகள் பறந்து வரும். ஒவ்வொரு கட்டையிலயும் ஒரு அம்புக்குறி. அந்தத் திசையில, அந்த நிற வாளால வெட்டணும். நடுநடுவுல குண்டு வரும், தொடக்கூடாது. சுவர் வரும், குனியணும். ஈஸி, நார்மல், ஹார்டு, எக்ஸ்பர்ட், எக்ஸ்பர்ட் ப்ளஸ்னு அஞ்சு படி.

முதல் மூணு படி மூணே வாரம்! நாலாவதுல கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. அஞ்சாவதுல... கைப்புள்ள ரேஞ்சுக்கு அடி. ‘100 டாலர் பில்ஸ்’னு ஒரு பாட்டு. கட்டைங்க வர்ற வேகத்துக்கு, சந்தை நாள்ல மூட்டை சரிஞ்சு கொட்டுற மாதிரி இருந்துச்சு. பாதியைத் தாண்டறதுக்குள்ள தோத்துடுவேன். திரும்பப் போடுவேன், திரும்பத் தோப்பேன். ஒரு ராத்திரியில நாப்பது தடவை. ஜெயிக்கணும்கிற வெறியில இன்னும் பலமா, இன்னும் வேகமா வீசினேன். வலது தோள்பட்டை பிடிச்சுக்கிட்டதுதான் மிச்சம். தலை சீவக்கூட கை மேல போகலை.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடறேன், சிரிக்காதீங்க. அந்த செமஸ்டர்ல எனக்கு ரெண்டு அரியர். சிதம்பரத்துல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன். ரிசல்ட் வந்த அன்னிக்கு வடலூர்ல பஸ் மாறி வீட்டுக்கு வந்தவன், யார் மூஞ்சியையும் பார்க்கப் பிடிக்காம ஹெட்செட்டை மாட்டிக்கிட்டேன். அதைப் போட்டுக்கிட்டா ஒரு வசதி, யாரும் உங்க கண்ணைப் பார்க்க முடியாது. நான் எக்ஸ்பர்ட் ப்ளஸ்ல மோதுனது தாளத்து மேல இருந்த ஆசையில மட்டும் இல்லை. எதுலயாவது ‘பாஸ்’னு ஒரு வார்த்தை பார்க்கணும்னு இருந்துச்சு.

அம்மா முந்திரி உடைக்கிறவங்க. வறுத்த கொட்டையைக் கல்லு மேல வெச்சு, சின்னக் கட்டையால ஒரு தட்டு. ஓடு பிளந்து பருப்பு தனியா வரும். ஓட்டுல இருக்கிற எண்ணெய் தோலை அரிச்சுடும்னு கையில சாம்பல் பூசிக்குவாங்க. பூசினாலும் விரல் நுனி கறுத்துத்தான் போகுது. பருப்பு முழுசா வந்தா ஒரு விலை, உடைஞ்சு வந்தா வேற விலை. அதனால பலமா அடிக்கிறதுக்கு அங்க மரியாதையே கிடையாது.

அன்னிக்கு அம்மா நிலைப்படியில உக்காந்து நான் ஆடறதைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்குத் தெரியாது. ஹெட்செட்டைக் கழட்டினப்போ கேட்டாங்க... “ஏண்டா தம்பி, தோள்ல இருந்து இம்மாம் பெருசா வீசுற? இப்படி அடிச்சா கொட்டை நசுங்கித்தான் போகும்.”

அரியர் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

நான் போய் அவங்க கையைப் பார்த்தேன். இருபது வருஷமா பார்க்கிற கைதான். ஆனா அன்னிக்குத்தான் பார்த்தேன்! தோள் அசையவே இல்லை. முழங்கை உடம்போட ஒட்டி இருக்கு. மணிக்கட்டு மட்டும் வேலை செய்யுது. ஒரு கொட்டையைத் தட்டுறப்பவே கண்ணு அடுத்த கொட்டைக்குப் போயிடுது. அவசரமே இல்லை, ஆனா குவியல் ஏறிக்கிட்டே இருக்கு.

ஹாஸ்டலுக்குத் திரும்பி என் ரூம்மேட்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். அவன் மிருதங்கம் படிக்கிறான். சிதம்பரத்துல அண்ணாமலைச் செட்டியார் 1929-ல ஆரம்பிச்ச இசைக் கல்லூரியோட வாரிசுதான் இப்ப அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இருக்கிற இசைத் துறை. அவன் சிரிச்சுட்டு, “மூணாங்காலம் வரலைன்னா நாங்க மூணாங்காலத்தையே போட்டு அடிக்க மாட்டோம்டா, முதல் காலத்துக்குப் போவோம்”னான். ஒரே பாடம், மூணு வேகம். தாளம் அப்படியே இருக்கும், அதுக்குள்ள சொல்லு ரெண்டு மடங்கு, நாலு மடங்கு ஆகும். முதல் காலத்துல விரல் எங்க விழுதோ, மூணாங்காலத்துலயும் அங்கேயே விழணும். பரதநாட்டியத்துல அடவு பழகுறதும் இதே கதைதான்.

நம்ம கேம்லயும் இதுக்கு வழி இருக்கு. ‘ப்ராக்டீஸ் மோடு’. பாட்டோட வேகத்தைக் குறைக்கலாம், எந்த இடத்துல இருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம். அது அங்க இருக்கிறது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனா தொடலை. எக்ஸ்பர்ட்டை முடிச்சவன் 70 சதவீத வேகத்துல ஆடறதா? கேவலம் மச்சி! இந்த ஈகோதான் எனக்கு ரெண்டு மாசத்தைத் தின்னுச்சு.

வெட்கத்தை விட்டு 70-ல போட்டேன். அப்பத்தான் என் வண்டவாளம் தெரிஞ்சுது. மேல இருந்து கீழ வெட்டின கை, அடுத்து கீழ இருந்து மேல வரணும். பெரும்பாலும் அப்படித்தான் கட்டைகளை அமைச்சிருப்பாங்க. தறியில நாடா போய் வர்ற மாதிரி. நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னா, கீழ வெட்டிட்டு, கையைத் திரும்ப மேல தூக்கிட்டு, மறுபடி கீழ வெட்டிட்டு இருந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வெட்டி வேலை. மெதுவான பாட்டுல இது ஓடிடும், எக்ஸ்பர்ட் ப்ளஸ்ல ஓடாது. எனக்கு வேகம் பத்தலைன்னு நினைச்சேன். உண்மையில பாதி வேகத்தை நானே வீணாக்கிட்டு இருந்தேன்.

அடுத்தது கண்ணு. மூக்குக்குக் கிட்ட வந்த கட்டையைப் பார்த்தா காலி. பைக் ஓட்டுறப்ப முன் சக்கரத்தையா பார்க்கிறீங்க? கிட்ட வந்ததைக் கை பார்த்துக்கும்னு விட்டுட்டு, தூரத்துல வர்றதைப் பாருங்க. இது ஒரு நாள்ல வராது. எனக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. நடுவுல பயங்கரக் குழப்பமா, முன்னைவிட மோசமா ஆடுவீங்க. அங்கதான் பாதிப் பேர் கழண்டுக்கிறாங்க.

மார்க் கணக்கையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. ஒரு வெட்டுக்கு அதிகபட்சம் 115. கட்டையைத் தொடுறதுக்கு முன்னால கை 100 டிகிரி சுழன்று வந்தா 70, வெட்டின பிறகு 60 டிகிரி போனா 30, நட்ட நடுவுல வெட்டினா 15. பலத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது! தாளம் தப்பாம வெட்டினீங்களான்னுகூடத் தனியா மார்க் போடறதில்லை. ஆனா முந்திரிக்கொட்டைத்தனமா முந்தினா கை பாதியிலயே நின்னுடும், சுழற்சி மார்க் போயிடும். அம்மாவோட மணிக்கட்டு இங்கதான் கைகொடுத்துச்சு. தோளை வீசாம, மணிக்கட்டை நல்லா மடக்கித் திருப்பினாலே வாள் அந்த டிகிரியைத் தொட்டுடும்.

ஒரு வாரம் 70, அப்புறம் 75, 80... தடுக்கின இடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். அதுக்கு மேல ஆடினா கை தப்பைத்தான் பழகுது. தோள் வலிச்சா நிறுத்திடுங்க பாஸ். நான் நிறுத்தாம பத்து நாள் தைலம் தடவினவன்.

நம்ம ஊருக்குன்னு சில சங்கதி. கடலூர் மாவட்டத்து மே மாசத்துல ஹெட்செட் போட்டா லென்ஸ்ல ஆவி பிடிச்சுக்கும். டேபிள் ஃபேனை நேர் எதிர்ல வைங்க. காத்து மூஞ்சியில படற வரைக்கும் நேராத்தான் நிக்கிறீங்கன்னு அர்த்தம். காலடியில ஒரு சாக்கு விரிச்சுக்குங்க, சாக்கைத் தாண்டினா வெறுங்கால் சொல்லிடும். (நான் சாக்கு போடுறதுக்கு முன்னாடி மூலையில பழுக்கப் போட்டிருந்த பலாப்பழத்தைக் குத்தினவன். முள்ளு முள்ளுதான்.) கரண்ட் போச்சுன்னா பேட்டரி இருக்கேன்னு ஆடாதீங்க. அந்த கேமராவுக்கு அறையில வெளிச்சம் வேணும், இருட்டுல திசை தெரியாமத் திணறும். முக்கியமா, கழட்டி வெயில்ல வெச்சுடாதீங்க. லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி சூரியனை உள்ள குவிச்சு ஸ்கிரீனையே பொசுக்கிடும்.

செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை, அந்தப் பாட்டு முழு வேகத்துல முடிஞ்சுது. கத்தலாம்னு நினைச்சேன், மூச்சு வரலை. ஹெட்செட்டைக் கழட்டாம அப்படியே நின்னேன். அரியர் ரெண்டையும் நவம்பர்ல எழுதினேன். படிச்சதும் அதே டெக்னிக்தான், முதல் யூனிட்ல இருந்து, மெதுவா. ஒண்ணு போச்சு, இன்னொண்ணு இன்னும் பாக்கி இருக்கு.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். ஈஸி லெவல். முதல் அரை நிமிஷம் தடுமாறி, “டேய், மூஞ்சி மேல வருதுடா”ன்னாங்க. அப்புறம் கடைசி வரைக்கும் ஒரு கட்டையைக்கூட விடலை. தோள் அசையலை, முழங்கை உடம்போட ஒட்டி, டொக்கு டொக்குன்னு சின்னச் சின்னதா தட்டுறாங்க. பாட்டு முடிஞ்சு ரிசல்ட் வந்துச்சு. மார்க் ரொம்பக் கம்மி! சுழற்சி பத்தலை இல்லையா, பாதிக்கு மேல வெட்டிட்டான்.

விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு, கண்ணாடியைக் கழட்டற மாதிரி ஹெட்செட்டைத் தூக்கி நெத்தியில வெச்சுக்கிட்டு, “ஒண்ணுகூட விடாம உடைச்சேன், அப்புறம் என்னத்துக்கு மார்க்கைப் பிடிக்கிறான்?”னு கேட்டாங்க.

பதில் தெரியாம முழிச்சேன். “சரி, இன்னொரு பாட்டு போடு”ன்னாங்க.